காணாத கடலுக்கும் கணக்கு உண்டா?

ரமளான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையில் பேரீச்சம்பழத்துக்கும் கஞ்சிக்கும் பக்கத்தில் நம் வீடுகளில் கடற்பாசி வைக்கிறோம். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி, தட்டில் ஊற்றி ஆறவிட்டு, துண்டு போட்டு எடுக்கும் அந்தப் பண்டத்தை விரும்பாத பிள்ளைகள் இல்லை. அது கடலில் வளரும் சிவப்புப் பாசியினத்தின் சாறு. இராமநாதபுரம் கடலோரத்தில் மரிக்கொழுந்துப் பாசி என்றும் கஞ்சிப் பாசி என்றும் பெயர் சொல்லி, பெண்கள் கடலில் மூழ்கிப் பறித்துக் கரை சேர்ப்பது இந்த வகையைத்தான்.

சென்ற ரமளானில் தருமபுரியில் நம் மஹல்லாப் பள்ளியில் நோன்பு திறந்து மக்ரிபு தொழுகையும் முடிந்த பின், உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பையன் ஒருவன் இமாமிடம் வந்து நின்றான். "ஹஜ்ரத், நாம சாப்பிடற கடற்பாசிக்குச் சொந்தமான இன்னொரு பாசி கடல்லே கரைஞ்சு போகுதாம். நாம எரிக்கிற புகைதான் காரணம்னு வகுப்பிலே சொன்னாங்க. நான் கடலையே பார்த்தது இல்லை. இதுக்கும் மறுமையிலே என்கிட்டே கேள்வி உண்டா?" என்று கேட்டான். சுற்றி இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். ஹஜ்ரத் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் தம்பி" என்று மட்டும் சொன்னார்.

நாமும் யோசித்தோம். யோசிக்க யோசிக்க, சிரித்துத் தள்ளக்கூடிய கேள்வி இதுவன்று என்பது புலனாயிற்று. எந்தத் திசையில் போனாலும் நமக்குக் கடலைக் காண அரைநாள் பயணம் வேண்டும். கேடு செய்யும் எண்ணம் நம்மில் எவருக்கும் இல்லை. நம் பங்கோ மிகமிகச் சிறியது. இந்த மூன்றும் சேர்ந்தால் ஒருவன் பொறுப்பிலிருந்து நீங்கி விடுகிறானா என்பதே அந்தப் பையன் கேட்ட கேள்வி.

முதலில் செய்தி மெய்தானா என்று பார்ப்போம். கேள்விப்பட்டதை ஆராயாமல் பரப்பக் கூடாதென்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுங்கு அன்றோ?

பவளப்பார் என்றதும் பவளப் பூச்சிகள் கட்டிய கோட்டை என்றே நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மை. செங்கல்லை அடுக்கி வைத்தால் மட்டும் சுவர் நிற்காது, சாந்து வேண்டும். அலை மோதி உடைத்த பவளத் துண்டுகளின் மேல் இளஞ்சிவப்பு நிறத்தில் தோல் போலப் படர்ந்து, தன் உடலுக்குள்ளேயே சுண்ணாம்பை இறுகச் செய்து, துண்டோடு துண்டைப் பிணைத்துப் பாறையாக்குவது ஒரு பாசி. அதைச் சுண்ணாம்புப் பாசி என்று சொல்லலாம். அலை கடுமையாக மோதும் விளிம்பில் பவளமே நிலைக்க முடியாத இடத்திலும் அது தாக்குப்பிடிக்கிறது. இன்னொரு பணியும் அதற்கு உண்டு. பவளத்தின் குஞ்சு, கண்ணுக்குத் தெரியாத அளவில் நீரில் மிதந்து வந்து, உட்காரத் தகுந்த இடம் தேடும். இந்தப் பாசியும், அதன் மேல் வாழும் நுண்ணுயிர்களும் வெளியிடும் மணத்தை, மணம் என்று சொல்லலாமோ என்னவோ, உணர்ந்துதான் பல இனக் குஞ்சுகள் அங்கே அமர்கின்றன. பாசி இல்லாவிடில் அடுத்த தலைமுறைப் பவளத்துக்கு வீட்டு முகவரியே இல்லாமற் போகும்.

அர்ரஹ்மான் அத்தியாயத்தில் அல்லாஹுத்தஆலா தன் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும்போது முத்தையும் பவளத்தையும் சேர்த்துச் சொல்கிறான். அந்தப் பவளத்துக்கு அடியில் இப்படி ஓர் ஊழியனை வைத்திருக்கிறான் என்பதை அறியும்போது, அவன் அமைப்பின் நுட்பம் நம்மைத் தலைகுனிய வைக்கிறது.

இனி, கரைவது எப்படி? பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் செய்த சோதனை ஒன்று உண்டு. தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரில் குழாய் வைத்து ஊதினால், நம் மூச்சிலுள்ள கரியமில வாயு பட்டு நீர் பால் போல் வெளுக்கும். அத்தோடு வாத்தியார் நிறுத்தி விடுவார். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே போனால் வெண்மை மெல்ல மறைந்து நீர் மீண்டும் தெளிந்து விடும். முதலில் சுண்ணாம்புக்கல்லாகப் படிந்ததை, மிகுதியாக வந்த அதே வாயு கரைத்து விடுகிறது. கடலில் இன்று நிகழ்வதும் இதே வகை மாறுதலே. நிலக்கரி, டீசல், பெட்ரோல் எரிந்து மேலே போகும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கைக் கடல் உள்வாங்குகிறது. அது நீரோடு கூடி மென்மையான அமிலமாகிறது. அந்த அமிலம், பாசியும் பவளமும் சிப்பியும் ஓடு கட்டுவதற்கு வேண்டிய சரக்கை நீரில் குறைத்து விடுகிறது.

ஆலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இப்போது 420-ஐத் தாண்டி விட்டது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் இதை அளந்து வருகிறார்கள். கடலின் மேல்மட்ட நீர் அந்தக் காலத்தில் பி.எச். அளவில் 8.2 அளவுக்கு இருந்தது, இப்போது 8.1 அளவில் நிற்கிறது. இது அற்ப வேறுபாடு என்று தோன்றும். ஆனால் அந்த அளவுகோலின் அமைப்புப்படி, அமிலத்தைத் தரும் அணுக்கள் கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியிருக்கின்றன என்று பொருள். கடல் நீர் இன்னும் காரநீர்தான். தொட்டால் சுடும் அமிலமாகி விடவில்லை. அந்த மிகையான பேச்சு நமக்கு வேண்டாம். ஆனால் சுண்ணாம்புப் பாசி கட்டும் சுண்ணாம்பில் மக்னீசியம் மிகுதியாகக் கலந்திருக்கிறது. சுண்ணாம்பு வகைகளில் எளிதில் கரையக்கூடியது அதுதான். எனவே கேடு வந்தால் முதலில் தாக்கப்படுபவர் வரிசையில் இந்தப் பாசி நிற்கிறது.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஹவாயில் செய்து 2008-ல் வெளியான ஒரு சோதனையில், கரியமில வாயு மிகுந்த தொட்டிகளில் சுண்ணாம்புப் பாசி படர்ந்த பரப்பு, சாதாரணக் கடல்நீர்த் தொட்டிகளில் படர்ந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சுண்ணாம்பு கட்டாத மற்றப் பாசிகள் அந்த இடத்தைப் பிடித்துக் கொண்டன. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் ஹெரன் தீவில் செய்த ஆய்வில், பாசி நிறமிழந்து, கட்டியதைவிடக் கரைந்தது மிகுதியாயிற்று. அத்தகைய நீரில் வளர்ந்த பாசியின் மேல் பவளக் குஞ்சுகள் அமர்வதும் குறைகிறதென்று 2012-ல் மற்றொரு ஆய்வு காட்டியது. பப்புவா நியூகினியில் எரிமலை வாயு கடலடியிலிருந்து இயற்கையாகவே குமிழியிடும் இடங்கள் உள்ளன. அங்கும் குமிழிகளை நெருங்க நெருங்க இந்தப் பாசி அருகிப் போகிறது. எல்லா இனமும் ஒரே அளவில் நலிவதில்லை, சில தாங்கிக் கொள்கின்றன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

நமக்கு அருகில் உள்ள பவளப்பார் மன்னார் வளைகுடாவில் இருக்கிறது. இராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகள். 1986-ல் அவை கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அந்த 21-ல் பூவரசன்பட்டித் தீவும் விலாங்குசல்லித் தீவும் இன்று நீருக்கு அடியில். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் ஆண்டாண்டாகப் பவளக்கல் வெட்டி எடுத்தது அதற்குப் பெருங்காரணம். பின் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. ஆகவே அங்கே இதுவரை நேர்ந்த இழப்பை எல்லாம் அமிலத்தின் தலையில் கட்டுவது நீதியாகாது. ஏற்கனவே உடைந்த சுவரில் சாந்தும் இளகினால் என்ன ஆகும் என்பதே கவலை. அந்தத் தீவுகளுக்கு எதிர்க்கரையில்தான் கீழக்கரை இருக்கிறது. அலையைத் தடுத்து நிறுத்தும் பார் இல்லாவிடில் முதலில் தவிக்கப் போகிறவர்கள் நம் சகோதரர்களும், அவர்களின் அண்டை வீட்டாரான மீனவ மக்களும்தாம்.

இதையெல்லாம் தருமபுரியில் உட்கார்ந்து ஏன் பேசுகிறோம்? தெளிந்த நீர் கெடுதல் செய்யும் என்பதைப் பிறர் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிணறுகளில் நீர் பளிங்கு போலத்தான் இருந்தது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் காவி படிந்தது. முதியோரின் முதுகும் முழங்காலும் இறுகின. பாறையிலிருந்து ஊறிய புளோரைடு உப்பு, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டியதன் விளைவு அது. கண்ணுக்குத் தெரியாத கலவை மாற்றம் ஒன்று, எலும்பு கட்டும் வேலையைக் கெடுத்து விட்டது. கடலில் பாசிக்கு நேர்வதும் இதற்கு ஒன்று விட்ட உறவுதான். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து காவிரி நீர் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கிடைத்தபோது அதற்குப் பணம் கடனாகத் தந்தது ஜப்பான். (வட்டிக் கடன்தான், அதன் மார்க்க விவகாரத்தை வேறொரு நாள் பேசலாம்.) எங்கோ கடலுக்கு அப்பால் உள்ளவர்களின் காதில் நம் பிள்ளைகளின் பல் விழுந்தது. கடலோரத்தின் துன்பம் நம் காதில் விழக் கூடாதா?

ஒரு வேறுபாட்டை மட்டும் மறக்கலாகாது. புளோரைடு பாறையின் இயல்பு. அதில் எவர் குற்றமும் இல்லை, அது சோதனை. கடலின் கலவை மாறுவதோ மனிதன் எரித்ததால். கரையிலும் கடலிலும் தோன்றும் சீர்கேட்டை மனிதக் கரங்களின் சம்பாத்தியத்தோடு அர்ரூம் அத்தியாயம் இணைத்துச் சொல்வதை இங்கே நினைவுகூர வேண்டும்.

"நிய்யத் இல்லையே" என்பது முதல் பதில். செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது உண்மை. ஆயினும் நம் ஃபிக்ஹு நூல்கள் ஒரு நுணுக்கத்தைப் பேணுகின்றன. தூக்கத்தில் புரண்டு ஒருவர் அண்டை வீட்டாரின் பாத்திரத்தை உடைத்தால் அவருக்குப் பாவம் இல்லை, ஆனால் பாத்திரத்துக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். பிழையாக ஓர் உயிர் போய்விட்டால் வேண்டுமென்று கொன்றவனின் குற்றம் அவன்மேல் இல்லை, ஆனால் தியத்தும் கஃப்பாராவும் உண்டு. எண்ணம் இல்லாமை பாவத்தை நீக்குகிறது, கடனை நீக்குவதில்லை. அதிலும் தெரியாமல் செய்தவர் நிலை வேறு, தெரிந்த பின்னும் அப்படியே செய்பவர் நிலை வேறு. நம் பாட்டனார் மாட்டு வண்டியை விட்டுப் பஸ் ஏறியபோது அவருக்கு இது தெரியாது. நமக்குத் தெரிந்து விட்டது.

"என் பங்கு துளிதானே" என்பது இரண்டாவது பதில். இதுதான் கடினமானது. இதற்கு ஒப்புமை தேடியபோது ஹஜ்ஜின் சட்டங்களில் ஒரு மஸ்அலா நமக்குக் கிடைத்தது. இஹ்ராமில் இருப்பவர் தரை வேட்டைப் பிராணியைக் கொன்றால் ஈடு கொடுக்க வேண்டும். இஹ்ராமிலுள்ள பலர் சேர்ந்து ஒரே மானைக் கொன்றால் என்ன செய்வது? ஷாஃபிஈ மத்ஹபில், எல்லோருக்கும் சேர்த்து ஓர் ஈடு. பங்கு போட்டுக் கொள்ளலாம். ஹனஃபி மத்ஹபிலோ, ஒவ்வொருவரும் முழு ஈடு கொடுக்க வேண்டும். இமாம்கள் முரண்பட்டதாக மேலோட்டமாகத் தோன்றும். காரணத்தைப் பார்த்தால் இருவரும் இரு வேறு பொருளை நோக்குவது விளங்கும். மான் ஒன்றே போனது, ஆகவே இழப்பு ஒன்றே என்பது ஒரு பார்வை. ஒவ்வொருவரும் தத்தம் இஹ்ராமின் கண்ணியத்தை மீறினார். இஹ்ராம்கள் பல, ஆகவே மீறல்களும் பல என்பது மற்றொரு பார்வை. கடலோர ஊர்களில் ஷாஃபிஈகளும், நம் பக்கத்தில் ஹனஃபிகளும் மிகுதி என்பது இங்கே பொருத்தமாக அமைந்து விட்டது.

இதைப் பாசிக்குச் சட்டமாக்க நாம் வரவில்லை. ஃபத்வா வழங்குவது உலமாப் பெருமக்களின் பணி; தவிரவும் இஹ்ராமிலும் கடல் வேட்டைக்குத் தடையில்லை. ஆனால் அந்த இரு பார்வைகளும் பையனின் கேள்விக்குள் வெளிச்சம் தருகின்றன. கடலில் நேர்ந்த இழப்பு என்ற வகையில் நம் பங்கு பகிரப்படும், கோடிக்கணக்கானோரில் ஒருவருடையதாகச் சிறுத்துப் போகும். அதில் வீண் அச்சம் வேண்டாம். ஆனால் தேவையின்றி எரித்தேனே என்ற மீறல் பகிரப்படுவதில்லை. அது முழுவதும் அவரவருடையது.

ஸஃது (ரலி) அவர்கள் ஒளூச் செய்துகொண்டிருக்கையில் பெருமானார் (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்து, வீண்விரயம் ஏன் என வினவியதாகவும், ஒளூவிலுமா விரயம் என்று அவர் கேட்டபோது, ஓடும் ஆற்றங்கரையில் இருந்தாலும் ஆம் என்று விடையளித்ததாகவும் இப்னு மாஜாவில் ஓர் அறிவிப்பு வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றி ஹதீஸ் கலை வல்லுநர்களிடையே பேச்சு உண்டு. கருத்தைப் பெரியோர்கள் ஏற்றே வந்திருக்கிறார்கள். ஒகேனக்கல் கரையில் அமர்ந்து ஒருவர் இரண்டு செம்பு கூடுதலாக ஊற்றினால் காவிரி குறைந்தா போகும்? இழப்பு என்று சொல்ல ஒன்றுமே இல்லாத இடத்திலும் விரயம் விரயமாகவே எண்ணப்படுகிறதென்றால், இழப்பு உண்டென்று தெரிந்த இடத்தில் சொல்ல வேண்டுமா?

"பெரிய நாடுகள் செய்தது" என்போரும் உண்டு. மறுப்பதற்கில்லை. சராசரி இந்தியர் ஒருவர் கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2 டன் கரியமில வாயு விழுகிறது. அமெரிக்கர் கணக்கில் 14 டன் அளவுக்கு விழுகிறது. பழைய பாக்கியும் அவர்களுடையதே மிகுதி. ஆனால் ஆள் கணக்கில் உலகிலேயே முன்வரிசையில் நிற்பவை கத்தர், குவைத் போன்ற வளைகுடா நாடுகள் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நாம் நேர்மையாளர்கள். நம் பிள்ளைகள் பிழைக்கப் போகும் நாடுகள் அவை. அங்கிருந்து வரும் பணத்தில் நம் வீடுகளும் பள்ளிகளும் எழும்பியிருக்கின்றன. பிறரைச் சுட்டும் விரலை அந்தப் பக்கம் மட்டும் மடக்கிக் கொள்வது நீதியன்று. அதேவேளை, அடுப்பெரிக்கும் ஏழைத் தாயையும், ஏரோட்ட டீசல் வாங்கும் விவசாயியையும் இந்தக் கூண்டில் ஏற்றக் கூடாது. சமையல் எரிவாயு உருளை ஒன்று எரிந்தால் 40 கிலோவுக்குச் சற்று மேல் கரியமில வாயு வரும். அதில் பிள்ளைகள் வயிறு நிறைகிறது. அது தேவை, மார்க்கம் தேவையைக் குற்றமாக்கவில்லை.

விரயம் எங்கே என்று தேடினால் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கல்யாண மண்டபத்தில் விருந்தினர் போன பின்னும் ஓடும் ஜெனரேட்டர், ஒரு லிட்டர் டீசலுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயுவைக் கக்குகிறது. தொட்டி நிறைந்து வழிந்தும் நிறுத்தாத மோட்டார், ஆளில்லாத அறையில் ஓடும் குளிர்சாதனம் எல்லாம் அப்படித்தான். பள்ளிவாசலையும் விட்டுவிட முடியாது. ரமளானில் மினாராவிலும் சுற்றுச்சுவரிலும் வண்ண விளக்குச் சரம் தொங்க விடுகிறோம். இரண்டு கிலோவாட் விளக்கு, இரவுக்குப் பத்து மணி நேரம், முப்பது இரவு என்றால் 600 யூனிட். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி நிலக்கரியில் விளைவதால், அதற்கு 400 கிலோவுக்கு மேல் கரியமில வாயு ஆகும். அதில் நாலில் ஒரு பங்கு கடலுக்கு, அதாவது 100 கிலோ. 44 பங்கு கரியமில வாயு 100 பங்கு சுண்ணாம்புக்கல்லைக் கரைக்க வல்லது என்பது ரசாயனக் கணக்கு; அந்த 100 கிலோ வாயு 200 கிலோவுக்கு மேற்பட்ட சுண்ணாம்பைக் கரைக்கும் வலிமை உடையது. எல்லாமே நேராகப் பாறையைப் போய்த் தின்னாது, நீரிலேயே பெரும்பகுதி தணிந்து விடும் என்பது சரியே. ஆனாலும் தராவீஹ் முடிந்து வீட்டுக்குப் போய் எல்லோரும் உறங்கிய பின், எவர் கண்ணுக்காக அந்த விளக்குகள் எரிந்தன?

ஷஅபான் மாதக் கடைசியில் ஜமாஅத் கூட்டம் நடந்தபோது இந்தக் கணக்கைத் தாளில் எழுதி ஹஜ்ரத் முன்வைத்தார். விளக்கே கூடாதென்று அவர் சொல்லவில்லை. மக்ரிபிலிருந்து தராவீஹ் முடியும் வரை எரியட்டும், பிறகு ஸஹர் நேரம் வரை அணைத்து வைப்போம் என்பதே அவர் கேட்டது. பெரியவர் ஒருவர், "ஊரே பார்க்கிற மாசம், பள்ளியை இருட்டா போடறதா ஹஜ்ரத்?" என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தத்திலும் பள்ளியின் மேலுள்ள பாசம் இருந்தது. முத்தவல்லி இரு பக்கமும் பார்த்துவிட்டு, முதல் பத்து நாள் செய்து பார்ப்போம் என்றார். அந்தப் பையன் பள்ளியின் வாயிலோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக் கொண்டிருந்தான். கூட்டம் கலைந்ததும் ஹஜ்ரத் அவனை அழைத்து, விளக்குச் சுவிட்ச் இருக்கும் அறையின் சாவியை அவன் கையில் கொடுத்தார்.